தாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்காதீர்கள்: கேள்வி-பதில்

இரண்டு இன நாய்களை வேண்டுமென்றே சேர்த்துப் பெறும் கலப்பினக் குட்டிகளைப் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: காக்கர் ஸ்பேனியலும் பூடிலும் கலந்த காக்கபூ குட்டிக்கு முன்பணம் கட்டிவிட்டேன். தாய் நாயைப் பார்க்கலாமா என்று கேட்டால், "அது வேறு இடத்தில் இருக்கிறது, குட்டியை வழியில் எங்காவது கொண்டுவந்து தருகிறோம்" என்கிறார்கள். போகலாமா?

பதில்: போகாதீர்கள். முன்பணம் போனாலும் பரவாயில்லை.

கேள்வி: என் கணவருக்கு நாய் ஒவ்வாமை. லாப்ரடாரும் பூடிலும் கலந்த லேப்ரடூடுல் முடி உதிர்க்காது, ஒவ்வாமையே வராது என்று விற்பவர் எழுதியே தருகிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இந்த ஒரு பொய்யைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை.

ஒவ்வாமை முடியால் வருவதில்லை. நாயின் எச்சிலிலும், தோலிலிருந்து உதிரும் செதிலிலும், சிறுநீரிலும் உள்ள புரதங்களால் வருகிறது. முடி உதிராத நாய்க்கும் எச்சில் உண்டு, தோலும் உண்டு. அமெரிக்காவில் 173 வீடுகளின் தூசியை எடுத்து இந்தப் புரதத்தை அளந்து 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 'ஒவ்வாமை தராத' இனம் என்று சொல்லப்படும் நாய் இருந்த வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் அளவில் வித்தியாசம் தெரியவில்லை.

லேப்ரடூடுல் பெயர் பெற்ற கதையே இதற்குச் சாட்சி. 1980-களின் கடைசியில், ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களை வளர்க்கும் அமைப்பில் வேலை பார்த்தவர் வாலி கான்ரன். ஹவாயில் இருந்த பார்வையற்ற பெண் ஒருவருக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அவருடைய கணவருக்கு ஒவ்வாமை. கான்ரன் லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. அதே தாய், அதே தந்தை, அதே ஈத்து. அப்படியும் மூன்றில் ஒன்றுதான். இன்று முழு ஈத்துக்கும் சேர்த்து எழுதிக் கொடுக்கிறார்கள்! கான்ரனே பின்னாளில், இதைத் தொடங்கிவைத்ததற்காக வருந்துகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

உதிராத முடி ஒரு வசதி என்றும் நினைக்காதீர்கள். உதிர வேண்டிய முடி உடம்பிலேயே சிக்கிச் சடை பிடிக்கும். தினமும் வேர்வரை சீவ வேண்டும், சில வாரங்களுக்கு ஒருமுறை வெட்டிவிட வேண்டும். விட்டுவிட்டால் சடை தோலை இழுத்துப் புண்ணாக்கிவிடும்.

ஒவ்வாமையைக் குறைக்கும் என்று விற்கிற ஷாம்பூவை என் மகளுக்காக நானும் வாங்கியிருக்கிறேன். குளிப்பாட்டிய அன்று கொஞ்சம் குறைந்தது. சில நாளில் பழைய கதைதான். உங்கள் கணவர் ஒவ்வாமை மருத்துவரைப் பார்க்கட்டும். அவர் சரி என்றால், வாங்க நினைக்கும் அதே நாயுடன் பல நாள், பல மணி நேரம் இருந்து பார்க்கட்டும். முடிந்தால் வளர்ந்த நாயாகவே தேடுங்கள். எழுதிக் கொடுத்தவர் நாளை அந்த நாயைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டார். வீடு இழந்து நிற்கப்போவது அந்த நாய்.

கேள்வி: வேண்டுமென்றே இனம் கலப்பது பாவம் என்கிறார் என் அண்ணன். கலப்பினத்துக்கு நோயே வராது என்கிறாள் என் மனைவி. யார் சொல்வது சரி?

பதில்: அண்ணன் 'தூய இனம்' என்று சொல்வதும் ஒரு காலத்தில் கலந்து உருவானதுதான். பிறகு வெளி நாய்களைச் சேர்க்காமல் இனப் பதிவேட்டை மூடிவிட்டு உள்ளுக்குள்ளேயே இணை சேர்த்ததில் குறைகள் தேங்கின. டால்மேஷியனை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இனம் முழுவதிலும் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுதி, அதனால் கல் அடைப்பு. 1973-இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரே ஒரு முறை பாயிண்டர் இன நாயுடன் கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனுடனேயே சேர்த்து அந்தக் குறையை நீக்கிக் காட்டினார். அந்த வழி வந்த நாய்களை, நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப் ஏற்க 2011 வரை ஆனது. நார்வே உச்ச நீதிமன்றம் 2023-இல், கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் என்ற சிறிய நாய் இனத்தை இப்போதுள்ளபடி இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. அறிவியல் முறைப்படி வேற்றினத்துடன் கலப்பதற்கு வழியும் விட்டது. இதையெல்லாம் பாவம் என்று எப்படிச் சொல்வது?

உங்கள் மனைவி சொல்வதிலும் ஓட்டை இருக்கிறது. கலிபோர்னியாவில் 27,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2013-இல் வெளியான ஆய்வில், 24 மரபுக் கோளாறுகளில் 10 மட்டுமே தூய இனங்களில் அதிகம். 13-இல் வித்தியாசமில்லை. முழங்கால் தசைநார் கிழிவது கலப்பினத்தில்தான் அதிகம். ஒரு நோய்க்கான ஒடுங்கிய மரபணு, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் தரும் மரபணு, ஓர் இனத்தில் மட்டும் இருந்தால், முதல் கலப்பில் அது அடங்கிக் கிடக்கும். இரண்டு இனத்திலும் இருந்தால் கலந்து என்ன பயன்? லாப்ரடாருக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு உண்டு, பூடிலுக்கும் உண்டு. படிப்படியாகப் பார்வையைப் பறிக்கும் விழித்திரை நோயும் இரண்டிலும் உண்டு. அதனால் கலந்தார்களா என்பதை விட, கலப்பதற்கு முன் இரண்டு நாயையும் சோதித்தார்களா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: என்னிடம் பெண் லாப்ரடார், நண்பனிடம் பூடில். ஓர் ஈத்து எடுத்து விற்கலாம் என்றிருக்கிறோம். என்ன பெயர் வைத்தால் நல்ல விலை போகும்?

பதில்: பெயர் இருக்கட்டும் தம்பி. இடுப்பு எக்ஸ்ரே, கண் பரிசோதனை, மரபணுச் சோதனை இரண்டு நாய்க்கும் எடுத்தாயிற்றா? எட்டுக் குட்டி பிறந்து மூன்று விற்காவிட்டால் அவை எங்கே வளரும்? இதற்குப் பதில் இல்லையென்றால் ஈத்து வேண்டாம்.

கேள்வி: 'மினி' என்று வாங்கிய குட்டி 25 கிலோ வளர்ந்துவிட்டது. வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது இன்னொரு மினி பார்த்திருக்கிறேன். இது வளராமல் இருக்குமா?

பதில்: தாய் தந்தையின் எடையைக் கேட்டீர்களா? முதல் முறையும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. கலப்பினக் குட்டி எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நீங்கள் நாய் வாங்க வேண்டாம்.

கேள்வி: கேவலியரும் பூடிலும் கலந்த கேவபூ குட்டி வாங்கினோம். தடுப்பூசி போட்டாயிற்று என்று அட்டையும் கொடுத்தார்கள். மறுநாளே வாந்தி, ரத்தப் பேதி. டாக்டர் பார்வோ (குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) என்றார். ஐந்தாம் நாள் போய்விட்டது. "உங்கள் வீட்டில்தான் ஒட்டியிருக்கும்" என்கிறார் விற்றவர். பிள்ளைகள் அழுதுகொண்டே இருக்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை அம்மா. பார்வோ கிருமி உடலில் புகுந்து நோயாக வெளிப்பட பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும். வந்த மறுநாளே வாந்தி என்றால், உங்கள் வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே குட்டிக்குத் தொற்று இருந்திருக்கிறது. இதையே டாக்டரிடம் தேதிகளோடு எழுதி வாங்குங்கள்.

எனக்கும் ஒன்று நடந்தது. ஒரு வாகன நிறுத்தத்தில் வைத்து ஒரு கலப்பினக் குட்டியை வாங்கினேன். தாயைப் பார்க்கவில்லை. கையில் கொடுத்த சான்றிதழை நம்பினேன். பதினான்கு மாதத்தில் இரண்டு இடுப்பும் போய், படியேற முடியாமல் கீழேயே நின்று என்னைப் பார்க்கும். சான்றிதழ் விற்றவரே அச்சடித்தது. விளம்பரத்தை நான் சேமித்து வைக்காததால் எதையும் நிரூபிக்க முடியவில்லை.

நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். விளம்பரம், பேசிய குறுஞ்செய்திகள், பணம் செலுத்திய ரசீது, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் இன்றே படமெடுத்து வையுங்கள். அட்டையில் மருத்துவரின் பெயரோ முத்திரையோ இருந்தால் அவரிடமே பேசி உறுதி செய்யுங்கள். குட்டியின் விலையையும் சிகிச்சைச் செலவையும் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் போங்கள். விலங்கு நல அதிகாரிகளுக்கும் தெரிவியுங்கள், அந்த ஈத்தில் மற்றக் குட்டிகளும் இருக்கும் அல்லவா?

அப்புறம் ஒன்று. இந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்குச் சாகாது. பிளீச்சிங் கரைசலால் தரையைத் துடையுங்கள். தடுப்பூசி முழுவதும் முடியாத எந்தக் குட்டியையும் ஒரு வருடமாவது வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பக்கத்து வீட்டில் குட்டி இருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.