கட்டையை அழுத்தினால் கணினி ஏன் வாய் திறப்பதில்லை?

கேள்வி: மகளுக்காக வாங்கிய 61 கட்டை கீபோர்டை யுஎஸ்பி கேபிள் மூலம் வீட்டிலுள்ள விண்டோஸ் கணினியில் இணைத்திருக்கிறேன். வாசித்தால் கீபோர்டின் ஸ்பீக்கரில் சத்தம் வருகிறது, கணினியில் வருவதில்லை. ஒருமுறை எப்படியோ வந்தது. அப்போதும் அழுத்திக் கொஞ்சம் தாமதித்துத்தான் கேட்டது. நடுவில் ஒரு சுரம் கையை எடுத்த பிறகும் ஒலித்துக்கொண்டே இருந்தது. கோளாறு கீபோர்டிலா, கணினியிலா?

பதில்: பெரும்பாலும் இரண்டிலுமே இருக்காது. இடையில் ஏதோ ஓர் அமைப்பு சரியாக இல்லை, அவ்வளவுதான். கீபோர்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடும் முன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். அந்தக் கேபிளில் போவது சத்தம் அல்ல, தகவல். நடு ஸ்தாயி ஸி கட்டையை அழுத்தினால் ‘60-ஆம் எண் கட்டை அழுத்தப்பட்டது, அழுத்திய விசை 90’ என்று ஒரு செய்தி போகும். விட்டால் ‘60 விடப்பட்டது’ என்று இன்னொன்று. 1983 முதல் புழக்கத்தில் இருக்கும் மிடி என்ற முறை இதுதான். தாளில் எழுதிய சுரக்குறிப்பு மாதிரி, யாராவது எடுத்துப் பாடினால்தான் அதற்குக் குரல். கணினியில் அப்படிப் பாடுவதற்கு ஒரு மென்பொருள் வாத்தியம் திறந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் கணினி மௌனமாக இருப்பதுதான் சரி. (சில மாடல்கள் யுஎஸ்பி வழியாக ஒலியையும் சேர்த்தே அனுப்பும். உங்களுடையது அந்த ரகமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

முதலில், செய்தி கணினிக்குள் வருகிறதா என்று பார்ப்போம். கீபோர்டின் பின்னால் இரண்டு யுஎஸ்பி துளைகள் இருக்கலாம். தட்டையானது பென் டிரைவ் செருகுவதற்கு. பிரிண்டர் கேபிள் நுழைகிற, ஏறக்குறைய சதுரமான துளைதான் பொதுவாகக் கணினிக்கு உரியது. ‘டு ஹோஸ்ட்’ என்று எழுதியிருக்கும். ஹப் எதுவும் வேண்டாம், கணினியிலேயே நேராகச் செருகுங்கள். இணைத்த கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கீபோர்டின் பெயர் வரவில்லையா? வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். துளை சதுரமாக இல்லாமல் புது வகையாக (யுஎஸ்பி-சி) இருந்து, கைக்குக் கிடைத்த போன் கேபிளைச் செருகியிருந்தால் அதன் மேல்தான் என் முதல் சந்தேகம், ஏனென்றால் சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் கேபிள்களும் உண்டு. அப்புறம் டிரைவர், அதாவது கருவியைக் கணினிக்குப் புரியவைக்கும் சிறு மென்பொருள். பல கீபோர்டுகளுக்கு அது தேவையே இல்லை, செருகியதும் விண்டோஸ் கண்டுகொள்ளும். உங்கள் மாடலுக்குத் தேவை என்றால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள், வேறெங்கிருந்தும் வேண்டாம்.

பெயர் தெரிகிறது, சத்தம்தான் இல்லை என்றால் இசை மென்பொருளைத் திறந்து, ஒரு கட்டையை அழுத்திக்கொண்டே மிடி உள்ளீட்டு விளக்கைக் கவனியுங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் மூலையிலோ, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய வரிசையான டிராக்கின் ஓரத்திலோ சின்னதாக ஒன்று மினுக்கும். இதை விடச் சிக்கனமான சோதனை கிடையாது. பிரச்சினை எந்தப் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும்.

விளக்கு மினுக்கியும் சத்தம் இல்லையென்றால் கீபோர்டும் கேபிளும் குற்றமற்றவை. டிராக்கில் வாத்தியம் ஏற்றப்பட்டிருக்கிறதா, அந்த டிராக்கின் ரெக்கார்டு அல்லது மானிட்டர் பொத்தான் எரிகிறதா, ஒலி உங்கள் ஸ்பீக்கருக்குப் போகாமல் கணினித் திரையின் எச்டிஎம்ஐ இணைப்புக்குப் போகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். கீபோர்டு ஒரு மிடி சேனலில் (செய்திகள் போகும் எண்ணிட்ட தடத்தில்) அனுப்ப, வாத்தியம் வேறொரு சேனலில் காத்திருந்தாலும் கேட்காது. மொத்தம் 16 சேனல்கள். சந்தேகமாக இருந்தால் ‘எல்லாம்’ என்று வைத்துவிடுங்கள்.

மினுக்கவில்லையா? மென்பொருளின் செட்டிங்ஸில் உங்கள் கீபோர்டு மிடி இன்புட்டாகத் தேர்வாகியிருக்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால், விண்டோஸின் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது: பல கணினிகளில் ஒரு மிடி போர்ட்டை (கீபோர்டின் செய்தி உள்ளே வரும் வாசலை) ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும். பின்னணியில் மகள் திறந்துவைத்த பியானோப் பயிற்சித் தளம் ஒன்று பிரவுசரில் கிடந்தால், அது பிடித்த பிடியை விடாது. மற்றதையெல்லாம் மூடுங்கள், கீபோர்டை ஆன் செய்யுங்கள், அதன் பிறகு மென்பொருளைத் திறவுங்கள். இந்த வரிசையும் முக்கியம். பல மென்பொருள்கள் திறக்கும்போது மட்டும்தான் யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும். மிடி-ஆக்ஸ் போன்ற இலவசக் கருவியில் வரும் செய்திகளை வரி வரியாகப் பார்க்கலாம். பார்த்து முடித்ததும் அதையும் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும்!

இனி தாமதம். இதற்குக் கீபோர்டைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம், ஆனால் அது அப்பாவி. பழைய ஐந்து முள் மிடி கேபிளிலேயே ஒரு கட்டையின் செய்தி போய்ச்சேர ஏறத்தாழ 1 மில்லி வினாடிதான் ஆகும். நேரம் போவது கணினி ஒலியைத் தயாரிக்கும் இடத்தில். ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துவைத்துத்தான் அது ஸ்பீக்கருக்கு அனுப்பும். அந்தத் துண்டின் அளவுதான் பஃபர். வினாடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியின் நுண்துணுக்குகள்) என்ற வேகத்தில், பஃபர் 1024 என்றால் அதற்கே 23 மில்லி வினாடி ஆகும். 256 என்றால் 6-க்குக் கொஞ்சம் குறைவு, 128 என்றால் 3. இதன் மேல் டிரைவர் எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. எல்லாம் சேர்ந்து 10-ஐ ஒட்டி இருந்தால் வாசிப்பவருக்கு உறுத்தாது. 30-ஐத் தாண்டினால் விரல் தயங்கும், தாளம் நழுவும்.

ஆகவே மென்பொருளின் ஆடியோ செட்டிங்ஸுக்குப் போய் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ (ASIO) வகை டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஒலி அட்டைக்கென்று தனியாக இல்லாவிட்டால் ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரை நிறுவிக்கொள்ளலாம். பிறகு பஃபரை 512, 256, 128 என்று இறக்கிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் சத்தம் கரகரக்கும். அதற்கு ஒரு படி மேலே நிறுத்துங்கள். விண்டோஸோடு வரும் ஜிஎஸ் வேவ்டேபிள் சிந்த் என்ற வாத்தியத்தை நேரடி வாசிப்புக்கு நம்பாதீர்கள். தாமதம் அதன் பிறவிக்குணம். புளூடூத் ஹெட்போனும் கூடாது. அது சேர்க்கும் தாமதத்தைப் பஃபரைக் குறைத்து ஈடுகட்டவே முடியாது. சாதாரண வயர் ஹெட்போனைச் செருகினாலே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். புதுக் கணினி வாங்குவதெல்லாம் கடைசி யோசனையாக இருக்கட்டும்.

நிற்காமல் ஒலித்த சுரத்துக்குக் காரணம், ‘விடப்பட்டது’ என்ற செய்தி வாத்தியத்துக்குப் போய்ச் சேரவில்லை. வாசிக்கும்போது கேபிள் அசைந்திருக்கலாம், கட்டையை அழுத்தியபடியே டிராக் மாற்றியிருக்கலாம். மென்பொருளில் ‘பேனிக்’ என்றொரு பொத்தான் இருக்கும். எல்லாச் சுரங்களையும் ஒரே தட்டில் நிறுத்தும். ஒரு சுரம் மட்டுமல்ல, எல்லாச் சுரங்களும் நீண்டுகொண்டே போனால் சுரத்தை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலைச் சந்தேகியுங்கள். பெடல் எந்த வகை என்பதைப் பல கீபோர்டுகள் ஆன் செய்யும் நொடியில்தான் கண்டறியும். பெடலைச் செருகிவிட்டு, காலை அதன் மேல் வைக்காமல் ஆன் செய்யுங்கள்.

எல்லாம் சரியானதும் அடுத்து நீங்கள் சந்திக்கப்போவது இரட்டைச் சத்தம். கீபோர்டும் ஒலிக்கும், கணினியும் ஒலிக்கும். கீபோர்டு மெனுவில் ‘லோக்கல் கன்ட்ரோல்’ என்பதை ஆஃப் செய்தால் கணினி மட்டும் ஒலிக்கும். கேபிளைக் கழற்றிய பிறகு கீபோர்டு ஊமையாகிவிட்டதே என்று பதறாதீர்கள், அதைத் திரும்ப ஆன் செய்தால் போதும்.

கீபோர்டிலேயே கோளாறு என்று எப்போது சொல்லலாம்? மிடி-ஆக்ஸில் மற்றக் கட்டைகளுக்கெல்லாம் வரி வந்து, ஒரே ஒரு கட்டைக்கு மட்டும் வராவிட்டால், அல்லது மெதுவாகத் தொட்டாலும் அதற்கு எப்போதும் 127 என்ற உச்ச விசையே வந்தால், அந்தக் கட்டையின் அடியிலுள்ள ரப்பர் தொடுமுனையில் தூசியோ தேய்மானமோ இருக்கிறது. அதற்கு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.