கேமில் வீரர்களே ஏலம் நடத்தும்போது கடைசி நொடிச் சண்டையைத் தவிர்ப்பது எப்படி?

அரிய பொருட்களை வீரர்களுக்குள்ளேயே ஏலம் விடும்போது, முடியும் நேரத்தில் தகராறு வருகிறது. என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவு நேரத்தைக் கறாராக வைப்பதுதான் சிக்கலே. 9 மணிக்கு முடியும் என்றால் 8:59 வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கடைசி நொடியில் ஒருவர் கொஞ்சம் கூட்டிக் கேட்டுத் தட்டிச் செல்வார். நெட் மெதுவாக இருப்பவர்தான் பாவம். அதனால் இப்படி விதி வையுங்கள்: கடைசி 5 நிமிடத்தில் யாராவது விலை கேட்டால், அந்த நொடியிலிருந்து இன்னொரு 5 நிமிடம் கூடும். 5 நிமிடம் யாரும் கேட்காமல் போனால்தான் ஏலம் முடிந்தது. குறைந்தபட்ச ஏற்றத்தையும், சரி, 5 சதவீதம் என்று வைத்துவிடுங்கள். ஒரு காசு ஒரு காசாக ஏற்றி நேரத்தை இழுக்க முடியாது.

இன்னொரு வழி, பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரே 1961-இல் ஆராய்ந்த மூடிய ஏலம். எல்லோரும் நடுவருக்குத் தனியாகத் தொகையை அனுப்புவார்கள். அதிகம் கேட்டவருக்கே பொருள், ஆனால் கொடுப்பது இரண்டாவது பெரிய தொகை. 500, 420 என்று வந்தால் 500 கேட்டவர் 420 கொடுத்தால் போதும். அவரவர் உண்மை மதிப்பைத் தயங்காமல் சொல்லலாம் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். நடுவர் மட்டும் விற்பவராக இருக்கக் கூடாது.

அப்புறம், விற்பவர் தன் இன்னொரு கணக்கிலிருந்து விலையை ஏற்றிவிட்டால் உடனே தடை செய்யுங்கள். அதில் இரக்கமே வேண்டாம். கேட்ட விலையை அழிக்கவோ திருத்தவோ விடாதீர்கள். நிஜப் பணம் வேண்டவே வேண்டாம். பல கேம்களின் விதிகளில் அதற்குக் கணக்கையே முடக்கிவிடுவார்கள்.