பிள்ளைகளுக்காகத் தைரியமாக இருப்பது

கேள்வி: எனக்கு 41 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து கீமோ நடக்கிறது. ஆறில் மூன்று முடிந்துவிட்டது. மகளுக்கு 12 வயது, மகனுக்கு 6. படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். “பிள்ளைகளுக்காக நீ தைரியமா இருக்கணும்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கும் தெம்பு வரத்தான் செய்கிறது. ஆனால் இரவானால் அழுகை. போன முறை கீமோ முடிந்த பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. மகளுக்குப் பரீட்சை என்பதால் யாரிடமும் சொல்லாமல் பாராசிட்டமால் போட்டுச் சமாளித்தேன். மனசு தளர்ந்தால் நோய் கூடிவிடுமா, டாக்டர்?

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் காய்ச்சலிலிருந்தே தொடங்குகிறேன். கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள்தான் பெரும்பாலும் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். உங்கள் பத்தாம் நாள் அதன் நட்டநடுவில் வருகிறது. கிருமியை எதிர்க்க உடம்பில் ஆளில்லாத அந்த நாட்களில் சாதாரணக் காய்ச்சல் என்று எதுவும் கிடையாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டிய அளவுக்கு அவசரம். பாராசிட்டமால் சூட்டை இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. இந்த முறை தப்பித்தீர்கள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, படித்ததும் எனக்குப் பயமாக இருந்தது.

சரி, இப்போது உங்கள் கேள்வி. மனசு தளர்வதால் நோய் அதிகமாகாது. அழுதவருக்குப் புற்றுநோய் திரும்பும், சிரித்தவருக்குத் திரும்பாது என்று ஆய்வுகள் எதுவும் நிரூபிக்கவில்லை. “மனோதைரியம் இருந்தா கேன்சரை ஜெயிச்சிடலாம்” என்ற பேச்சே எனக்குப் பிடிப்பதில்லை. நோய் திரும்பிவிட்டால் பழி நோயாளியின் தலையில்தான் விழும். அதனால் இரவில் அழுகை வந்தால் அழுதுவிடுங்கள்.

அதற்காகப் பிள்ளைகள் முகம் தரும் தெம்பு பொய் என்று ஆகிவிடாது. வாயெல்லாம் கசந்து, ‘நாலாவது வேண்டவே வேண்டாம்’ என்று தோன்றும் காலையில் உங்களை எழுப்பி வண்டியில் ஏற்றுவது அதுதான். குறித்த நாளில், குறித்த அளவில் கீமோவை முடிப்பதால் பலன் உண்டு. சோர்வுக்கும் அப்படித்தான். படுத்தே கிடந்தால் கீமோ சோர்வு போகாது, தினமும் கொஞ்சம் நடந்தால் குறையும். உங்களுக்காக நடக்கத் தோன்றாவிட்டாலும் மகன் கையைப் பிடித்து இழுத்தால் நடந்துவிடுவீர்கள்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு அம்மா, கீமோ ஏறும்போது மகனின் பள்ளிச் சட்டைக்குப் பட்டன் தைப்பதற்காக ஊசி நூலோடு உட்கார்ந்திருந்தார். நூலை நாக்கில் நனைத்து நனைத்துக் கோர்த்துப் பார்த்துவிட்டு, கடைசியில் நர்ஸிடம் நீட்டினார். கண் மங்கலா என்று கேட்டேன். “கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு, விரல் நுனிதான் ஒரு மாதமா மரத்துக் கிடக்கு” என்றார். சொன்னால் கீமோவைத் தள்ளிப்போட்டுவிடுவோம், பிள்ளைக்குப் பள்ளி திறப்பதற்குள் முடியாது என்று மறைத்திருக்கிறார். அந்த மருந்து நரம்பைப் பாதிக்கக்கூடியது. விட்டால் மரமரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடலாம். அளவைக் குறைத்தோம், சிகிச்சையும் முடிந்தது. அவரை ஊசியும் நூலுமாக நாற்காலியில் உட்கார வைத்ததும் அந்தப் பிள்ளைதான், வாயைத் திறக்கவிடாமல் செய்ததும் அந்தப் பிள்ளைதான். நீங்களும் அதே இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மனிதர்களைத் தற்கொலையிலிருந்து தடுத்து நிறுத்துவது எது என்று அளக்க, அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைனஹனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1983-இல் ஒரு வினாப்பட்டியல் வெளியிட்டார்கள். குடும்பப் பொறுப்பும் பிள்ளைகளைப் பற்றிய கவலையும் அதில் தனித்தனிப் பகுதிகள். பிள்ளைப் பாசம் அவ்வளவு பலமான கயிறு. அதே கயிறு சிலருக்கு ‘நான் இவர்களுக்குப் பாரம், நான் இல்லாவிட்டால் நிம்மதியாக இருப்பார்கள்’ என்று முறுக்கிக்கொள்ளும். அப்படி ஒருமுறை தோன்றினாலும் அன்றைக்கே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்படித் தோன்றாவிட்டாலும், அழுகையோடு எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஒரே ஒரு எச்சரிக்கை: மனச்சோர்வு மாத்திரைகளில் சில, டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடக்கூடும். பிற்பாடு அது உங்களுக்குத் தேவைப்படலாம் என்பதால் இரண்டு மருத்துவர்களுக்கும் எல்லாம் தெரிந்திருக்கட்டும்.

அம்மாவைக் கவனிக்க, கீமோவுக்குப் பிந்தைய இரண்டாவது வாரத்துக்காவது வேறு ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

பிள்ளைகளிடம் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். வீட்டில் ஏதோ நடக்கிறது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆறு வயதுக்காரன், தான் செய்த குறும்பால்தான் அம்மாவுக்கு இப்படி ஆனது என்று நினைத்துக்கொண்டிருக்கலாம், கட்டிப்பிடித்தால் தொற்றிக்கொள்ளும் என்றும் பயப்படலாம். இரண்டும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம், தெர்மாமீட்டர் இருக்கும் இடத்தையும் மருத்துவமனையின் அவசர எண்ணையும் மகளுக்குக் காட்டி வையுங்கள். 100.4 காட்டினால், நீங்கள் வேண்டாம் என்று தடுத்தாலும் வீட்டுப் பெரியவர் ஒருவரை எழுப்ப வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். நாளைக்குப் பரீட்சை இருந்தாலும்தான்.