பார்த்த சாட்சி போதாது, கையெழுத்து வேண்டும்

கேள்வி: அப்பா தன் சுய சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டை எனக்கு உயில் எழுதி வைத்துவிட்டுக் காலமானார். வெள்ளைத்தாளில் கைப்பட எழுதியது, பதிவு செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அப்பாவின் நண்பர் கூடவே இருந்து பார்த்தார், கையெழுத்துப் போடவில்லை. அம்மா முன்பே இறந்துவிட்டார். 11 வருடம் அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் நான். கொள்ளி வைக்க மட்டும் வந்த அண்ணன் பாதி கேட்கிறார். உயிலைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியும் மசியவில்லை. கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகச் சித்தப்பா மூலம் சொல்லி அனுப்புகிறார். நண்பரை இப்போது கையெழுத்துப் போடச் சொல்லலாமா? நடந்தது உண்மைதானே?

பதில்: நீங்கள் பட்ட பாட்டை நம்புகிறேன். ஆனால் இந்த விஷயத்தில் அது எடுபடாது. கேள்வி ஒன்றுதான்: உயிலில் எத்தனை சாட்சிகளின் கையெழுத்து இருக்கிறது? ஒன்று என்றால் அது செல்லாது.

வெள்ளைத்தாளில் எழுதியதில் தவறில்லை, பதிவு செய்யாததிலும் இல்லை. முத்திரைத்தாள், பதிவு என ஊரார் கட்டாயம் என்று நினைக்கும் இரண்டும் சட்டத்தில் கட்டாயமில்லை. சம்பிரதாயம் என்று விட்டுவிடும் இரண்டாவது கையெழுத்துதான் கட்டாயம். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 63 குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும் என்கிறது. எழுதியவர் கையெழுத்திட்டதை ஒவ்வொரு சாட்சியும் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தன் கையெழுத்துதான் என்று அவரே சாட்சியிடம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அதன்பின் சாட்சி அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். நண்பர் பார்த்தது உண்மையாகவே இருக்கட்டும். உங்கள் அப்பாவின் முன்னிலை இனி யாருக்கும் கிடைக்காது.

நான் அதிகம் பயப்படுவது நீங்கள் கடைசியில் கேட்டதைப் பற்றித்தான். "நடந்ததுதானே, ஒரு கையெழுத்துத்தானே" என்று உறவினர் சொல்வார்கள். அதைக் கேட்டுச் செய்துவிட்டு என்னிடம் வந்த கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவரை அவர்கள் பக்கம் குறையாக இருந்தது செல்லாத ஒரு தாள் மட்டும். கையெழுத்து ஏறியதும் அது போலி ஆவணம். உயிலைப் போலியாகத் தயாரித்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 338-ன்படி ஆயுள் தண்டனை வரை போகலாம். உங்களோடு அப்பாவின் அந்த நண்பரும் மாட்டுவார். உயிலை நிரூபிக்க, கையெழுத்திட்ட சாட்சி ஒருவராவது கூண்டேறியாக வேண்டும். யார் பேனா, யார் முதலில் போட்டது, அப்போது அப்பா எங்கே உட்கார்ந்திருந்தார் என்று எதிர்தரப்பு வக்கீல் துருவும்போது பொய் நிற்காது. உங்கள் விஷயத்தில் அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஒரு கையெழுத்தோடு இருக்கும் உயிலின் படம், நீங்களே அனுப்பியது, அண்ணன் போனில் இருக்கிறது.

ஆகவே அந்தத் தாளில் இனி ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள்.

சரி, உயில் இல்லையென்றால் என்ன? இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 8-ன்படி நீங்களும் அண்ணனும் முதல் வகுப்பு வாரிசுகள். வேறு வாரிசு இல்லையென்றால் ஆளுக்குப் பாதி. வழக்குக்குப் போனாலும் அண்ணனுக்குக் கிடைக்கப்போவது அதுதான், அதிலேயே குறைத்துக்கொள்கிறேன் என்கிறார். கசக்கும், தெரியும். ஆனாலும் பேசி முடியுங்கள். அப்பாவின் விருப்பம் அந்தத் தாளில் தெரிகிறது. கோர்ட்டில் மதிப்பில்லாவிட்டாலும் சித்தப்பா முன்னால் தொகையை இன்னும் இறக்க அது உதவும்.

தொகை முடிவானதும் அண்ணன் தன் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும். இங்கே பதிவு கட்டாயம். பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதி வாங்கி, பதிவை அப்புறம் பார்க்கலாம் என்று பணத்தைக் கொடுத்துவிட்டு, சில வருடம் கழித்து மறுபடி பாகம் கேட்டு நோட்டீஸ் வாங்கியவர்கள் உண்டு. சார்பதிவாளர் முன் அண்ணன் கையெழுத்துப் போடும் அன்றே, வங்கி வழியாக மட்டும் பணம் கொடுங்கள். தொகையைப் பத்திரத்திலும் எழுதிவிடுங்கள்.