பொம்பெய்: தெருவைக் குனிந்து பாருங்கள்

கேள்வி: நேப்பிள்ஸில் இரண்டு நாள் தங்குகிறோம். முழங்கால் வலியுள்ள அம்மாவும் கூட வருகிறார். பொம்பெய்யையும் வெசூவியஸ் எரிமலையையும் ஒரே நாளில் பார்க்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: வேண்டாம். வெசூவியஸ் வெடித்துப் புதைந்துபோன இந்தப் பழைய ரோமானிய நகரம் மொத்தம் 66 ஹெக்டேர். அதில் தோண்டி எடுத்தது மூன்றில் இரண்டு பங்குதான் என்றாலும் அதைச் சுற்றவே கால் ஓய்ந்துவிடும். எரிமலையை விட்டுவிட்டு நகரத்துக்கு நான்கு மணி நேரமாவது கொடுங்கள்.

நேப்பிள்ஸின் கரிபால்டி ரயில் நிலையத்தில் சொரெண்டோ செல்லும் ரயில் பிடித்து, 'பொம்பெய் ஸ்கவி - வில்லா தெய் மிஸ்தேரி' நிலையத்தில் இறங்க வேண்டும். வெறும் 'பொம்பெய்' என்ற பெயரில் வேறு நிலையமும் உண்டு. பலர் குழம்புவது இங்கேதான். நிலையத்தை ஒட்டிய போர்த்தா மரினா வாசலில் செங்குத்தான கல் ஏற்றம். அம்மாவுக்கு அது ஆகாது. டாக்சி பிடித்து ஆம்ஃபிதியேட்டர் சதுக்க வாசலுக்குப் போங்கள். சமப்படுத்திய பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நாளொன்றுக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி. டிக்கெட்டில் பெயர் இருக்கும், அதனால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்பதால் கூட்டம் நெரியும். 30×30×15 செ.மீ.க்கு மேற்பட்ட பையை உள்ளே விட மாட்டார்கள். நிழல் குறைவு, தொப்பி அவசியம். உள்ளே குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன, காலி பாட்டில் போதும்.

கேள்வி: எல்லாத் தெருவும் ஒன்றுபோல இருக்குமாமே? எதைப் பார்ப்பது?
– வாசகர், திருச்சி

பதில்: அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று எண்கள் கொண்ட முகவரி உண்டு: வட்டாரம், வீட்டுத்தொகுதி, கதவு எண். நகரம் ஒன்பது வட்டாரம். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் வழி தவறாது.

சுவரோவியங்களுக்கு 'வெத்தி வீடு' என்ற பழைய மாளிகை. அதற்கடுத்து, தயவுசெய்து தெருவைக் குனிந்து பாருங்கள். நடுவே உயர்ந்த கற்கள் பதித்திருப்பார்கள். மழைநீரும் நீர்த்தொட்டிகளில் வழிந்த நீரும் தெருவிலேயே ஓடியதால், கால் நனையாமல் கடக்கத்தான் அவை. கற்களுக்கு இடையே வண்டிச் சக்கரம் போக இடைவெளி. சக்கரங்கள் தேய்த்த தடம் கல்லில் பள்ளமாகவே இருக்கிறது. முனையிலுள்ள நீர்த்தொட்டியின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். குனிந்து தண்ணீர் பிடித்தவர்கள் கை ஊன்றி ஊன்றி, அந்த இடம் மட்டும் வழவழப்பாகக் குழிந்திருக்கும். கடை வாசற்படிகளில் நீளமாக ஒரு காடி தெரியும். பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகிக் கடையை அடைத்த காடி அது. கி.பி. 79-இல் எரிமலை வெடிக்கும் வரை அன்றாடம் புழங்கிய வாசல்கள் இவை. ஓவியத்தைவிட இவற்றுக்கே நான் அதிக நேரம் தருவேன்.

மழை பெய்தால் இந்தக் கற்கள் வழுக்கும். தோல் செருப்பு வேண்டாம், ரப்பர் அடி ஷூ போடுங்கள்.

கேள்வி: அங்கே லட்சுமி சிலை கிடைத்தது உண்மையா?
– வாசகர், காரைக்குடி

பதில்: சிலை கிடைத்தது உண்மை, 1938-இல். யானைத் தந்தத்தில் செதுக்கிய, சுமார் 25 செ.மீ. உயர இந்தியப் பெண் உருவம். இருபுறமும் சிறு பணிப்பெண்கள். லட்சுமி என்ற பெயர் ஒட்டிக்கொண்டாலும், யட்சியாக இருக்கலாம் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. உச்சந்தலையிலிருந்து கீழே ஒரு துளை இறங்குவதால், முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கைப்பிடியாகவோ மேசைக்குக் காலாகவோ இருந்திருக்கலாம். பொம்பெய்யில் தேடாதீர்கள். இருப்பது நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில். செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை.