எடைமேடைக் கடிகாரமும் இணையத்தின் தாமதமும்

கேள்வி: எங்கள் அரிசி ஆலையில் எடைமேடைக் கணினி, அலுவலகக் கணினி, கேமராப் பதிவுக் கருவி மூன்றும் வெவ்வேறு நேரம் காட்டுவதால், நெல் லாரி வந்த நேரம் ரசீதில் ஒன்றாகவும் பதிவில் வேறாகவும் இருக்கிறது. இணையத்தின் வழியே சரிசெய்யலாம் என்கிறார்கள். செய்தி வந்துசேரும் தாமதமே முறைக்கு முறை மாறும்போது அது எப்படிச் சாத்தியம்?
– ஆலை உரிமையாளர், மன்னார்குடி

பதில்: கணினிக் கடிகாரத்தை இயக்கும் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு சுமார் 1.7 விநாடி விலகிவிடும். இதைத் திருத்த அமெரிக்கக் கணினி அறிஞர் டேவிட் மில்ஸ் வகுத்து, 1985இல் ஆவணமாக வெளிவந்த என்.டி.பி. (நெட்வொர்க் டைம் புரோட்டோகால், அதாவது வலையமைப்பு வழியே கடிகாரங்களை ஒத்திசைக்கும்) நெறிமுறை, தாங்கள் கேட்ட தாமதத்தையே அளந்துகொள்கிறது.

தங்கள் கணினி அரை விநாடி பின்தங்கியிருப்பதாகக் கொள்வோம். அது தன் கடிகாரப்படி 0 மில்லி விநாடியில் கேள்வியை அனுப்புகிறது. நேர சர்வர், அதாவது சரியான நேரத்தை வழங்கும் கணினி, தன் கடிகாரப்படி 540இல் அதைப் பெற்று 542இல் விடை அனுப்ப, அது தங்கள் கணினியை 82இல் அடைகிறது. இரு கடிகாரங்களுக்கிடையே போகும்போது தெரியும் வேறுபாடு 540 (540 – 0), வரும்போது 460 (542 – 82). இரண்டின் சராசரியான 500தான் உண்மையான பின்னடைவு. ஆனால் திரும்பும் வழியில் ரூட்டரில் நெரிசல் ஏற்பட்டு விடை 60 மில்லி விநாடி கூடுதலாகக் காத்திருந்தால் கணக்கு 470 என்று வரும். அதாவது, காத்திருப்பில் பாதி பிழையாகச் சேரும்.

கல்லணையில் திறந்த நீர், வழியில் தடை குறைந்த முறையில்தான் கடைமடைக்கு விரைவாக வருகிறது. அதுபோல, நெரிசல் பயணத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது என்பதால், என்.டி.பி. கடைசி எட்டு அளவீடுகளில் மொத்தப் பயண நேரம் மிகக் குறைந்ததையே நம்புகிறது. இந்த வடிகட்டலே அதன் உயிர்நாடி என்பேன்.

போகும் வழியும் வரும் வழியும் நிரந்தரமாகச் சமமற்றிருந்தால் மட்டும் இந்த முறையால் அதைக் கண்டறிய இயலாது. கேமராப் படங்கள் ஓயாமல் வெளியே ஏறிக்கொண்டிருக்கும் இணைப்பில் இது நேரலாம். எனினும் அப்பிழை பெரும்பாலும் மில்லி விநாடிகளில் அடங்குவதால் ரசீதுக்குப் பாதகமில்லை.

தங்களுக்கு முக்கியம் மூன்று கருவிகளும் ஒத்துப்போவதே. ஆகவே அலுவலகக் கணினி மட்டும் இணையத்திலிருந்து நேரம் பெறட்டும். மற்றவை அதனிடமிருந்து பெறட்டும். முதல் திருத்தத்தில் கடிகாரம் ஒரேயடியாகப் பின்னோக்கித் தாவி ரசீதுகளின் வரிசையைக் குலைக்கக்கூடும் என்பதால், எடைமேடையில் லாரி இல்லாத இரவு நேரத்தில் அதைச் செய்யுங்கள்.