பாசி எடுக்கும் அம்மாவுக்கு: மகள் ஆராய்ச்சி படிக்கலாமா?

அம்மா, வணக்கம். உங்கள் மகள் பிளஸ் டூவில் உயிரியல்-கணக்கு குரூப் படிக்கிறாள். நர்சிங் வேண்டாம், சயின்ஸ் படித்து ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போடும், ஆனால் தாமதமாகப் போடும். அந்தத் தாமதத்தை உங்கள் வீடு தாங்குமா என்பதைத்தான் யோசிக்க வேண்டும். ஆராய்ச்சி என்பது நமக்குச் சம்பந்தமில்லாத பெரிய இடத்து விஷயம் என்று மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள்.

நீங்களே மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து பிய்த்து, கரையில் காயப்போட்டு எடைக்குக் கொடுக்கிறீர்கள். அதைக் காய்ச்சித்தான் ஜெல்லி போல உறையும் அகர் என்ற பொருளை எடுக்கிறார்கள். நோன்பு மாதத்தில் கீழக்கரைப் பக்கம் கடல்பாசி காய்ச்சி, ஆறவைத்துத் துண்டு போடுவார்களே, அதுவும் அகர்தான்.

1881-இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்ற கிருமி ஆராய்ச்சியாளரின் ஆய்வகத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்பவர் காற்றிலுள்ள கிருமிகளை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருமி வளர்க்க ஊற்றிவைத்த ஜெலட்டின் கொஞ்சம் சூடு பட்டாலே இளகி ஓடிவிடும். வீட்டில் ஜெல்லி செய்ய அகர் போட்டுப் பழகியிருந்த அவர் மனைவி ஃபேனி, அதையே ஆய்வகத்திலும் போட்டுப் பார்க்கச் சொன்னார். அகர் ஒருமுறை உறைந்துவிட்டால் 85 டிகிரி வாக்கில் சூடாக்கினால்தான் மறுபடி உருகும். உடம்புச் சூட்டுக்கெல்லாம் அசையாது. மறு வருடம் காசநோய்க் கிருமி பற்றி கோக் எழுதிய கட்டுரையிலேயே அகர் இடம்பிடித்துவிட்டது. ஃபேனியின் பெயர் மட்டும் அதில் இல்லை, அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இப்போதும் டாக்டர் "யூரின் கல்ச்சர் எடுங்கள்" என்று எழுதிக்கொடுத்தால், லேப்பில் அகர் ஊற்றிய தட்டில்தான் கிருமியை வளர்க்கிறார்கள். எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று பார்ப்பதும் பெரும்பாலும் அகர் தட்டில்தான். பாசி ஏன் சில மாதங்களில் செழிக்கிறது, எவ்வளவு எடுத்தால் மறுபடி முளைக்கும் என்பதெல்லாம்கூட ஆராய்ச்சிக்கான கேள்விகள்தான். உங்கள் மகள் இவற்றைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். நகரத்துப் பிள்ளைக்கு இது கிடைக்காது.

விண்வெளி ஆராய்ச்சியும் அப்படித்தான், உங்கள் கடலோடு சம்பந்தப்பட்டது. ஓஷன்சாட் செயற்கைக்கோள்கள் மேலிருந்து கடலின் நிறத்தைப் பார்க்கின்றன. நுண்பாசி மிகுந்த இடத்தில் நிறம் மாறும், அதைத் தேடி மீன் வரும். நிறத்தையும் நீரின் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான், எந்தப் பக்கம் மீன் கிடைக்கலாம் என்று ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் மீனவர்களுக்குத் தகவல் அனுப்புகிறது. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் பல வருடம் நம் மண்டபம் ஊரில்தான் இருந்தது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் மையம் இன்றும் இருக்கிறது. மகளை ஒருநாள் அங்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சிக் கல்லூரிகளில், இளங்கலையும் முதுகலையும் சேர்ந்த ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ் படிப்பு இருக்கிறது. நமக்குப் பக்கம் திருவனந்தபுரமும் திருப்பதியும். அதற்கு ஐஏடி என்ற நுழைவுத்தேர்வு: இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு நான்கிலும் கேள்வி வரும். அது கிடைக்காவிட்டால் அருகிலுள்ள நல்ல கல்லூரியில் பிஎஸ்சி, அப்புறம் எம்எஸ்சி. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையே இருக்கிறது. எம்எஸ்சிக்குப் பிறகு சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. அதுவரை ஐந்து வருடம் பெரிய வருமானம் இருக்காது. அவள் அரசுப் பள்ளி மாணவி என்பதால், உயர்கல்வி சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். செலவு முழுவதற்கும் போதாது, ஆனால் பஸ், நோட்டுப்புத்தகத்துக்கு உதவும்.

படகுக் கடன் கழுத்தை நெரிக்கிறது, நான்கு வருடத்தில் அவள் சம்பளம் வந்தே ஆகவேண்டும் என்றால் அதை மறைக்காமல் அவளிடமே சொல்லுங்கள். அப்படியானால் நர்சிங் நல்ல படிப்பு. அல்லது தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் பிஎஃப்எஸ்சி என்ற மீன்வளப் பட்டப்படிப்பு, நான்கு வருடம். முடித்து டிஎன்பிஎஸ்சி எழுதி மீன்வளத் துறைக்கும் போகலாம், விரும்பினால் ஆராய்ச்சிக்கும் திரும்பலாம். உங்கள் வீட்டுக்கு எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ஆனால் கடன் நெருக்கடி இல்லாவிட்டால் ஐசரை முதலில் முயலச் சொல்வேன்.

அப்துல் கலாம் ராமேஸ்வரத்துப் பிள்ளைதானே என்று சொல்லி உங்களைச் சம்மதிக்கவைக்க எனக்கு விருப்பமில்லை. உங்கள் மகளைப் பாருங்கள். பாடம் முடிந்த பிறகும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாளா? விடை தப்பானால் ஏன் என்று தேடுகிறாளா? அப்படி இருந்தால் இந்தப் படிப்பில் அவள் தாக்குப்பிடிப்பாள். டாக்டர் சீட்டு கிடைக்காது என்ற பயத்தில் வரும் ஆசையாக இருந்தால் இரண்டாம் வருடத்திலேயே சலித்துவிடும்.

ஐஏடி விண்ணப்பம் வழக்கமாகப் பொதுத்தேர்வு சமயத்திலேயே திறந்துவிடும். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் தேதி போய்விடும். சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் இப்போதே இ-சேவை மையத்தில் எழுதிக்கொடுத்துவிடுங்கள். வாங்கியதும் இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள், அவளிடமும் நான் பேச வேண்டும்.